பறவைக் கூட்டுப் படத்தை இனிமே போடாதீங்க ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இதழ்ல வாசகர் எடுத்த போட்டோ வர்ற பக்கத்தை நான் ஒரு வாரம் கூட விட்டதில்ல. போன வாரம் அதுல ஒரு குருவிக்கூடு படம் வந்திருந்துச்சு, தாய்க்குருவி வாயில புழு, கீழ மூணு குஞ்சும் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது, பாக்குறவங்க எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா கூட்டைச் சுத்தி ஒரு இலை கூட இல்ல. மரத்துல கூடு கட்டுற இந்த மாதிரி குருவி வெட்டவெளில கட்டாது ஐயா, இலைக்குள்ள ஒளிச்சுதான் கட்டும். படத்தோட இடது ஓரத்துல நல்லா உத்துப் பாருங்க, வெட்டின கொப்போட வெள்ளை முனை தெரியுது. படம் தெளிவா வரணும்னு யாரோ மறைப்பை வெட்டி எடுத்திருக்காங்க. அதுக்கு அப்புறம் அந்தக் கூட்டுக்கு வெயிலும் நேரா விழும், காக்கா கண்ணும் நேரா விழும்.

எடுத்தவரை திட்டணும்னு இதை எழுதல. இதே தப்பை நானும் பண்ணிருக்கேன், அது இன்னும் மனசுல கிடக்குது, அதான் எழுதுறேன்.

எனக்கு மளிகைக் கடை. ஞாயித்துக்கிழமை மட்டும் கேமராவைத் தூக்கிட்டு குளத்துப் பக்கம் போவேன், செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேமராவும், தூரத்துல இருக்குறதைக் கிட்ட காட்டுற ஒரு 150-600 லென்ஸும்தான். மூணு வருஷம் முன்னாடி ஏப்ரல் மாசம், குளத்துல தண்ணி வத்தி கரைப்பக்கம் எல்லாம் வெடிச்சுக் கிடந்த நேரம், ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துச்சு. அது அப்படி கத்துனா பக்கத்துல முட்டை இருக்குன்னு அர்த்தம். தேடிப் பாத்தா காலடிக்கு நாலு அடி தள்ளி இருக்கு, கூடுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, தரைல லேசா ஒரு குழி, சுத்தி சின்னச் சின்ன கல்லும் ஆட்டுப்புழுக்கையும், நடுவுல நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்பக்கமா பாத்து சேர்ந்து கிடக்கு. மண்ணு நிறத்துல கறுப்பு கறுப்பா திட்டு, கண்ணை எடுத்துட்டு மறுபடி பாத்தா எது கல்லு எது முட்டைன்னு தெரியாது. நான் அதை விட்டுட்டு வந்திருக்கணும். அப்போ எனக்கு அவ்வளவு சந்தோசம், பத்தடி தள்ளிப் படுத்துகிட்டு, தாய் வந்து முட்டை மேல உக்கார்ற படம் வேணும்னு பதினோரு மணில இருந்து பன்னெண்டரை வரைக்கும் கிடந்தேன்.

அது வரவே இல்ல. நாப்பது அடி தள்ளி வந்து இறங்கும், அந்த மஞ்சக் கால்ல நாலு எட்டு ஓடிவரும், நின்னு என்னையே பாக்கும், மறுபடி பறந்துடும். எனக்கு பிறகுதான் தெரிஞ்சுது, உச்சி வெயில்ல அது முட்டை மேல உக்கார்றது அடைகாத்து சூடு கொடுக்க இல்ல, நிழல் கொடுக்க. சூடு ரொம்ப ஏறுனா தண்ணிக்குப் போயி நெஞ்சு இறகை நல்லா நனைச்சுட்டு வந்து அந்த ஈரத்தோட முட்டை மேல உக்காந்து குளுர வைக்கும். அந்த ஒன்றரை மணி நேரமும் நாலு முட்டையும் சும்மா வெயில்ல வெந்துகிட்டு இருந்துருக்கு. அது மட்டுமில்ல, பக்கத்துப் பனைல ரெண்டு காக்கா உக்காந்து நான் எங்க பாக்குறேன்னு பாத்துகிட்டே இருந்துச்சு, அப்பவே பாத்தேன், ஒண்ணும் தோணல. மறுநாள் காலைல போறேன், குழில ஒரு ஓட்டுத் துண்டு, அவ்வளவுதான். ஆள்காட்டி ரெண்டும் அப்பவும் மேல சுத்திக் கத்திகிட்டு இருந்துச்சு.

அந்த முட்டைப் படத்தை நான் ஒரு பத்திரிகைக்கு அனுப்பி, குளத்துப் பேரோட வந்துச்சு. வந்த வாரமே நாலு பேர் போன் பண்ணி 'அண்ணே எந்தக் கரை, எந்தப் பக்கம்'னு கேட்டாங்க. எல்லாரும் நல்ல பசங்கதான், அவங்களுக்கும் அதே மாதிரி ஒரு படம் வேணும். அதனாலதான் ஐயா உங்களுக்கு எழுதுறேன், பத்திரிகைல ஒரு கூட்டுப் படம் வந்துட்டா அது இன்னும் நூறு பேரை கூடு தேட அனுப்புது.

சட்டமும் இதுல தெளிவாத்தான் இருக்கு. 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டைன்னு எதைச் சொல்லுதுன்னு பாத்தா, சுடுறதும் கண்ணி வைக்கிறதும் மட்டும் இல்ல, காட்டுப்பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றதும் அதுக்குள்ள வருது. இது படம் எடுக்குறவங்கள்ல பாதிப்பேருக்கு தெரியாது, நான் அன்னைக்குப் படுத்துக் கிடந்தப்ப எனக்கும் தெரியாது.

இன்னொண்ணு இந்த ப்ளூடூத் ஸ்பீக்கர். ஆறுமணிக்குருவி தென்மேற்குப் பருவமழை முடியுற சமயம் வடக்க இருந்து அவ்வளவு தூரம் பறந்து நம்ம பக்கம் வரும், வந்து இறங்கின களைப்புல இருக்கும்போது அதோட குரலையே போன்ல போட்டு புதர்ல இருந்து வெளிய இழுக்குறாங்க. தன் இடத்துக்கு வேற ஒருத்தன் வந்துட்டான்னு நெனச்சு அது சண்டைக்கு வருது. இரை பொறுக்க வேண்டிய நேரம் பூரா ஸ்பீக்கரோட மல்லுக்கு நிக்குது.

பூவும் இப்படித்தான். பூ ஓடாது, கத்தாது, அதனால யாருக்கும் தப்பாவே படுறதில்ல. 2018-ல குறிஞ்சி பூத்தப்ப நான் குடும்பத்தோட மூணாறு போயிருந்தேன். கேட் போட்டு காவல் இருக்குற இடத்துல சரியாத்தான் இருந்துச்சு, ரோட்டோர சரிவுல பாத்தா ஆளாளுக்கு செடிக்குள்ள இறங்கி நின்னு செல்பி, ஒரு அம்மா கொத்தா ஒடிச்சு பிள்ளை கையில கொடுத்து போட்டோ எடுத்துட்டு கார்ல ஏறும்போது ரோட்டுல போட்டுட்டுப் போறாங்க. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், பூத்து விதை விட்டதும் செடியே செத்துப்போகும். அடுத்த தடவை 2030-ல பூக்க வேண்டியது அத்தனையும் அன்னைக்கு அந்தப் பூவுல இருந்து விழுற விதைதான். மிதிச்ச செடியும் ஒடிச்ச கொத்தும் விதை விடாது. எங்க ஊர் வேலில ஐப்பசி மழைக்கு செங்காந்தள் பூக்கும், நாங்க கண்வலிக்கிழங்குன்னு சொல்லுவோம், அதுக்கும் பேக்ரவுண்ட் சுத்தமா வரணும்னு பக்கத்துல இருக்குற புல்லு, கொடி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுத்தான் எடுக்குறாங்க. அந்தச் செடி இலை நுனியைச் சுருட்டி பக்கத்துல இருக்குறதைப் பிடிச்சுதான் மேல ஏறும், அதைப் பிடுங்குனா அது தரைல விழுந்துதான் கிடக்கணும். நான் இப்பல்லாம் ஒரு கறுப்புக் குடையை பின்னால பிடிச்சுக்கிறேன், பேக்ரவுண்ட் தானா இருட்டாகிடும்.

வெளிநாட்டுல இதை எவ்வளவு கறாரா பாக்குறாங்கன்னு ஒண்ணு சொல்றேன். லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நடத்துற போட்டில 2017-ல ஒரு எறும்புத்தின்னி படம் பரிசு வாங்குச்சு. படத்துல இருக்குறது பாடம் பண்ணின பொம்மைன்னு புகார் வந்ததும் நிபுணர்களை வச்சு ஒப்பிட்டுப் பாத்து 2018-ல பரிசை ரத்து பண்ணிட்டாங்க. எடுத்தவர் மறுத்தாரு, ஆனாலும் மியூசியம் முடிவை மாத்திக்கல. அவ்வளவு பெரிய இடத்துலயே கேள்வி கேக்குறாங்க, நம்ம பத்திரிகைலயும் ஒரு வார்த்தை கேட்டா என்ன?

நம்மகிட்டயே பெரிய உதாரணம் இருக்கு. மா. கிருஷ்ணன், 1912-ல திருநெல்வேலில பொறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவோட மகன், 1970-ல பத்மஸ்ரீ வாங்குனவர். காட்டு விலங்கு, பறவைப் படங்களை கறுப்பு வெள்ளைலயே எடுத்தாரு, பல கேமராவோட பாகத்தைச் சேர்த்து அவரே ஒண்ணு செஞ்சு வச்சிருந்தாரு. ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகைல 1950-ல ஆரம்பிச்சு 1996-ல காலமாகுற வரைக்கும் தொடர்ந்து இயற்கையைப் பத்தி எழுதுனாரு. ஒரு பத்திரிகை இடம் கொடுத்ததால எத்தனை பேர் காட்டைப் பாக்கக் கத்துக்கிட்டாங்க பாருங்க. பத்திரிகைக்கு அவ்வளவு பலம் இருக்கு ஐயா, அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்.

எங்க மாவட்டத்துல கூந்தன்குளம் இருக்கு, மஞ்சமூக்கு நாரை வீட்டு வாசல் மரத்துலயே கூடு வைக்கும். எச்சம் நாத்தம் அடிக்கும், கத்தல் வேற, ஆனா அந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் கல் எடுக்க மாட்டாங்க. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டில தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, பறவை பயந்துடும்னு. பிள்ளைங்க வெடி இல்லாம தீபாவளி கொண்டாடும்போது, நாம ஒரு படத்தை விட்டுக்கொடுக்கலாம்.

நான் கேக்குறது இவ்வளவுதான். வாசகர் படத்துல கூடு, முட்டை, கண்ணு திறக்காத குஞ்சு இருந்தா தயவுசெஞ்சு திருப்பி அனுப்பிடுங்க, ஏன் போடலைன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, அந்த ரெண்டு வரி போதும் அவங்களுக்குப் புரியும். அபூர்வமான பூவு, பறவைன்னா மாவட்டப் பேரோட நிறுத்திக்கோங்க, குளம், ஓடை, மலைப்பாதை பேரு வேண்டாம். எவ்வளவு தூரத்துல இருந்து எடுத்தீங்க, இரை வச்சீங்களா, குரல் போட்டீங்களான்னு அனுப்புறவங்ககிட்ட ஒரு வரில கேட்டு வாங்குங்க.

இதோட ஒரு படம் வச்சிருக்கேன். எங்க கடை மாடி ஜன்னல்ல இருந்து எடுத்தது, கரண்டு ஒயர்ல பச்சைப் பஞ்சுருட்டான், வாயில ஒரு தட்டான், ஒயர்ல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் முழுங்குச்சு. நல்லா இருந்தா போடுங்க, இதுக்கு ஊர்ப் பேரைத் தாராளமா போட்டுக்கலாம்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.