பள்ளிக்கூடக் கட்டடத்தை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

அன்புள்ள தம்பி,

அப்பாவும் நானும் சுகம். நீ அனுப்பிய குரல்செய்தியை இரண்டு தரம் கேட்டேன். வகுப்பறைக் கட்டடத்துக்குக் காசு சேர்ந்துவிட்டது, ஆனால் பழைய மாணவர் சங்கத்தில் மூன்று பேர் மூன்று வழி சொல்கிறார்கள் என்கிறாய். ஒருவர், தெரிந்த கொந்தராத்துக்காரரிடம் வரைபடம் முதல் சாவி வரை முழுதாகக் கொடுத்துவிடுவோம் என்கிறார். அடுத்தவர் டெண்டர் கூப்பிடச் சொல்கிறார். மூன்றாமவர், சாமானை நாங்களே வாங்கி மேசன்மாருக்குக் கூலி மட்டும் கொடுப்போம் என்கிறார். உத்தியோக காலம் முழுக்க இந்த வேலையில் இருந்தவள் நான். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

எது மலிவு என்ற கேள்வியோடு தொடங்காதே. இந்தக் கட்டடத்தில் எது எங்களுக்கு இன்னும் தெரியாது, அது பிழைத்தால் செலவு யார் தலையில் விழும் என்று கேள். முறை அதிலிருந்துதான் வரும்.

நீ இருக்கிற எடின்பரோவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1997இல் சொன்ன மதிப்பு, கூடினால் 4 கோடி பவுண். கடைசியில் வந்தது 41 கோடியே 40 இலட்சம். 2004இல் வெளிவந்த பிரேசர் பிரபுவின் விசாரணை அறிக்கை, அவர்கள் தெரிந்தெடுத்த ஒப்பந்த வழியையே பெரிய பிழைகளில் ஒன்றாகச் சொன்னது. வரைபடம் முடியுமுன் வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆட்களிடம் கொடுத்தார்கள். முழு விலைக்கும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. கூடிய ஒவ்வொரு பவுணையும் கட்டுவித்தவரே சுமக்க வேண்டியதாயிற்று.

உங்கள் மூன்றாமவரின் யோசனையும் அந்த வழியின் சின்ன வடிவம்தான். ஆனால் அதை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் நடந்த வீட்டுத் திட்டத்தில், இலங்கையின் வடக்கில் முதல் 1,000 வீடுகளையும் கொந்தராத்துக்காரர்கள் கட்டினார்கள். 2012 ஒக்டோபரில் அடுத்த கட்டம் தொடங்கியபோது முறையை மாற்றி, வீட்டுக்கு 550,000 ரூபாவைக் கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போட்டார்கள். சொந்த வீடென்றால் ஆள் அங்கேயே நிற்கும், வந்த சீமெந்துப் பையையும் போன பையையும் எண்ணும். உங்கள் சங்கத்தில் எல்லாரும் கடல் கடந்து இருக்கிறீர்கள். பள்ளிக்கூட வளவில் காலை ஏழு மணிக்குப் பை எண்ண யார் நிற்பது? அதனால் இங்கே அது சரிவராது.

முழுதாக ஒருவரிடம் கொடுப்பது வேகமான வழிதான். இரும்புச் சட்டக் கொட்டகை போன்ற வழக்கமான வேலைக்கு நானும் அதைச் சொல்வேன். மாடிக் கட்டடத்தில், வரைபவரும் கட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால், கம்பியின் தடிப்பைக் குறைத்தால் உங்கள் பக்கம் நின்று கேட்க ஆள் வேண்டும். உங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

ஆகவே என் முடிவு இது. வரைபடத்தையும், எந்த வேலை எவ்வளவு என்று வரிவரியாக எழுதும் அளவுப் பட்டியலையும் சுயாதீனமான ஒரு பொறியியலாளரைக் கொண்டு முதலில் முடியுங்கள். மேற்பார்வைக்கும் அவருக்கே தனியாகக் காசு கொடுங்கள். பிறகு சீடாவில் (கொந்தராத்துக்காரர்களைப் பதிந்து தரப்படுத்தும் அரச நிறுவனம்) பதிந்த, இந்த அளவு வேலைக்குத் தரமுள்ள நாலைந்து பேரிடம் மட்டும் விலை கேளுங்கள். முதலாமவர் சொன்ன தெரிந்த கொந்தராத்துக்காரரும் அவர்களில் ஒருவராக வரட்டும், மற்றவர்களைப் போல உறையை ஒட்டித் தரட்டும். நான் உத்தியோகத்தில் இருந்தபோது அரசாங்க வேலைகளில் உள்நாட்டு விலைமனுவுக்குக் குறைந்தது 21 நாள் விட்டோம், நீங்களும் அதைக் குறைக்காதீர்கள். அவசரப்படுத்தினால் கொந்தராத்துக்காரர் கணக்குப் பார்க்காமல் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார். உறைகளை எல்லார் முன்னிலையிலும் ஒரே நேரத்தில் திறவுங்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசி. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ஆளை எடுக்காதே. திருகோணமலை மண் உனக்குத் தெரியும், ஒரு மூலையில் மணல், அடுத்த மூலையில் பாறை. பட்டியலில் பாறை உடைக்க 5 கன மீற்றர் என்று உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். இடம் தெரிந்த ஒருவர் அந்த வரியில் ஒரு கன மீற்றருக்கு 12,000 ரூபா போட்டு, மற்ற வரிகளைக் குறைத்து, மொத்தத்தில் ஒரு இலட்சம் மலிவாக வருவார் என்று வை. அடுத்தவரின் பாறை வீதம் 6,000. தோண்டும்போது 40 கன மீற்றர் வந்தால், கூடிய 35 கன மீற்றருக்கு மட்டும் முதலாமவருக்கு 210,000 ரூபா அதிகம் போகும். மலிவாக இருந்தவர் 110,000 ரூபாவால் விலை கூடியவராகிவிடுவார். இதில் களவு ஒன்றும் இல்லை, பட்டியல் இடம் கொடுத்தது. விலை கேட்குமுன் நாலு மூலையிலும் குழி தோண்டிப் பார்த்தால் அந்த வரியை உள்ளபடி எழுதலாம். வரிவரியாக வீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார், எங்கே ஒருவர் மட்டும் துள்ளுகிறார் என்று தெரியும். அடித்தளத்துக்கு அள்ளிப் போட்டுப் பூச்சுக்குக் கிள்ளிப் போட்டிருந்தால், காசை முன்னுக்கு எடுத்துக்கொண்டு கடைசியில் இழுப்பார்.

விலை மாற்றத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது, நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டவர்கள் சீமெந்தும் கம்பியும் வாங்க முடியாமல் தவித்தார்கள். எத்தனையோ வேலைகள் அப்படியே நின்றன. அந்தச் சுமையைச் சின்னக் கொந்தராத்துக்காரர் மீது ஏற்றி அவரை முறித்துவிட்டு எங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது? இந்த இரண்டு பொருளுக்காவது விலை ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்க ஒரு விதி இருக்கட்டும்.

முற்பணம் 20 வீதத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் வங்கி உத்தரவாதத்தின் பேரில். ஒவ்வொரு கொடுப்பனவிலும் பிழை திருத்துவதற்காகத் தடுத்துவைக்கும் 5 வீதத்தில் பாதியை, முடித்த பிறகும் ஒரு வருடம் வைத்திருங்கள். ஒரு மாரி கூரைக்கு மேலே கழியட்டும், ஒழுக்கு அப்போது தெரியும்.

தை மாதத்தில் உறை திறந்தால் மாசியில் அத்திவாரம் வெட்டலாம், ஐப்பசி மழைக்குள் கூரை ஏறிவிடும். கல்வித் திணைக்கள அனுமதியை அதிபர் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும், அதுதான் இழுபடும். வரைபடம் வந்ததும் எனக்கு அனுப்பு. குழி தோண்ட இரண்டு பேரை நான் பார்த்து வைக்கிறேன், தோண்டும் நாளில் நானே போய் நிற்பேன்.

அன்புடன்,
அம்மா