அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆட்டிசப் பயிற்சி

ஐயா,

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில், பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் சிரமம் தரும் வளர்ச்சிக் குறைபாடான ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. ஆனால், பெற்றோருக்கு அடுத்தபடியாக ஆட்டிசமுள்ள குழந்தைகளை நாள்தோறும் காணும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு அதற்கான பயிற்சி போதவில்லை.

பெயர் சொல்லி அழைத்தால், ஆட்டிசமுள்ள என் பேரன் திரும்ப மாட்டான். குக்கர் விசில் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அதைப் பிடிவாதம் என்றே மையத்திலிருந்தவர் எண்ணினார். குறை அவருடையதன்று, யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு நாள் மண்டபத்தில் அமர்த்தி உரை கேட்கவைப்பது பயிற்சியாகாது. அடுத்து நடக்கப்போவதைப் பட அட்டைகளால் வரிசையாகக் காட்டுவது, சிறுசிறு சொற்களில் பேசுவது, குழந்தை தானாகக் கை நீட்டிக் கேட்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பது (இதுதான் மிகக் கடினம்) ஆகியவை, அனுபவமுள்ள சிறப்பாசிரியர் அருகிலிருந்து திருத்த, குழந்தையோடு தரையில் அமர்ந்து பழகினால்தான் கைவரும்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. அதன் வல்லுநர்களைக் கொண்டு வட்டாரத்துக்குச் சிலரையேனும் சில வாரங்கள் இவ்வாறு பயிற்றுவித்து, அவர்கள் வழியே ஏனையோருக்கும் கொண்டுசெல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்நாட்களில் பதிவேட்டு வேலைகளிலிருந்து அவர்களுக்கு விலக்கும் அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்