ஐந்நூறு ரூபாய்க்கும் அடைபடாத இடைவெளி

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் முகக்கவசம் போடாதவர்களுக்கான அபராதத்தைத் தமிழக அரசு 2022 ஜனவரியில் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தியது. ஒருவர் மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று அப்போது காவலர் பார்த்துவிட்டார். போட்ட மாஸ்க் வேலை செய்கிறதா என்று போட்டவர்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பலருக்குக் கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையும். இவ்வளவு பெரிய வாசல் திறந்திருக்கும்போது, மூன்று அடுக்கைத் துளைத்துக்கொண்டு போக மூச்சுக்காற்றுக்கு என்ன தலையெழுத்தா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட சோதனையில், அப்படியே மாட்டிய சர்ஜிக்கல் மாஸ்க் இருமல் துகள்களில் 56.1 சதவீதத்தைத்தான் தடுத்தது. அதன்மேல் ஒரு துணி மாஸ்க்கைப் போட்டு அழுத்தியதும் 85.4 சதவீதம் தடுக்கப்பட்டது. எதிரே இருப்பவர் மாஸ்க்கே போடாதபோதும், காது நாடாவை முடிச்சிட்ட சர்ஜிக்கல் மாஸ்க் போட்டவரை எட்டிய துகள்கள் 64.5 சதவீதம் குறைந்தன.

அந்த முடிச்சுக்குக் காசு செலவில்லை. மாஸ்க்கின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சேரும்படி நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். காது நாடா மாஸ்க்கில் ஒட்டியிருக்கும் இடத்தை ஒட்டியே ஒரு முடிச்சு, மறுபக்கமும் அப்படியே. தள்ளி முடிந்தால் பயனில்லை. விரித்ததும் இரு ஓரங்களிலும் காதுமடல்போல் துணி புடைத்து நிற்கும். அதை விரலால் உள்ளே செருகிவிட்டு அணியுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம்வரை அழுத்தி விடுங்கள். ஒரே கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து, அதுவே ஓட்டையாகிவிடும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இன்னும் கசிகிறது என்று பொருள். மூச்சை இழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்வாங்கினால் சரி.

இரட்டை மாஸ்க் என்றால் சர்ஜிக்கல் உள்ளே, துணி வெளியே. இரண்டு சர்ஜிக்கல் மாஸ்க் போட்டால் கன்னத்து இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

அப்போது பல வீடுகளில் நீல மாஸ்க்குகள் துவைத்துக் கொடியில் காய்ந்தன. சிக்கனம் புரிகிறது, ஆனால் அது மாஸ்க்கைக் கொல்லும் வேலை. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, நடு அடுக்கில் ஏற்றப்பட்ட நிலைமின்சாரம்தான் நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரோ சானிடைசரோ பட்டால் அது போய்விடும். எஞ்சுவது வெறும் திரை. என்95-க்கும் இதே கதிதான். அதைத் துவைக்காமல், நான்கைந்து வாங்கி, நாளுக்கொன்றாக மாற்றி, மற்றவற்றைக் காகித உறைகளில் போட்டு உலர விடலாம். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பூட்டி வைக்கும். நாடா தளர்ந்தாலோ கசங்கினாலோ அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வால்வு வைத்தது வேண்டாம்; போட்டவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் அதன் வழியே எதிரில் இருப்பவருக்குப் போகும். மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே இதை மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. தாடி வளர்த்தவர்களுக்கு என்95 முழுப் பலன் தராது. முடி வழியே காற்று கசியும்.

நோயாளி என்றால் நீலம் வெளியே, நலமாக இருந்தால் வெள்ளை வெளியே என்ற வாட்ஸ்அப் வைத்தியமும் அப்போது ஓயவில்லை. நீலப் பக்கம் ஈரத்தை ஒட்டவிடாது, வெள்ளைப் பக்கம் நம் எச்சில் ஈரத்தை உறிஞ்சும். யாராக இருந்தாலும் நீலம் வெளியேதான்.

500 ரூபாய்க்குத் தந்த ரசீதின் பின்பக்கத்தில் அந்த முடிச்சுப் படத்தையாவது அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புச் செவிலியர்,
மதுரை.