பரிசோதிக்காமல் பம்ப்பும் இன்ஜெக்டரும் மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்
பிக்கப் வாகன உரிமையாளர்,
மேட்டுப்பாளையம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: 2013 மாடல் காமன் ரெயில் டீசல் பிக்கப் – ஹோஸில் காற்று இழுத்த கோளாறுக்கு ஹை பிரஷர் பம்ப்பும் நான்கு இன்ஜெக்டர்களும் மாற்றியது – தொகையைத் திருப்பித் தரவும் பழைய பாகங்களை ஒப்படைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் சென்ற மாதம் என் வண்டிக்கு 95,750 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். ஹை பிரஷர் பம்ப் 34,000, இன்ஜெக்டர் நான்கும் சேர்த்து 54,000, ஃபில்டர் 950, கூலி 6,800. வண்டியை எடுத்த மூன்றாம் நாளே அதே கோளாறு, ஸ்கேனரில் அதே பி0087 கோளாறுக் குறியீடு. உண்மையான பழுது டேங்கிலிருந்து டீசல் ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில் இருந்தது. வெளியில் ஒரு டீசல் மெக்கானிக் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். ஹோஸுக்கும் இரண்டு கிளிப்புக்கும் ஆன செலவு 260 ரூபாய்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் மூன்று அறிகுறிகளை எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்று, இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் பத்துப் பன்னிரண்டு விநாடி செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். ஆனால் ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) நன்றாக அமுக்கிவிட்டு அடித்தால் உடனே பிடித்துவிடும். இரண்டு, டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் தொந்தரவு கூடும். மூன்று, ஒரு டன் லோடோடு கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் ஏறும்போது செக் என்ஜின் லைட் எரிந்து வண்டி இழுவை இல்லாமல் படுத்துவிடும். நிறுத்தி சாவியைப் போட்டு எடுத்தால் சிறிது தூரம் போகும்.

இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உறிஞ்சும் பக்கத்தைத்தான். இந்த மாடலில் டேங்குக்குள் மின்பம்ப் கிடையாது. ஹை பிரஷர் பம்ப்போடு சேர்ந்திருக்கும் கியர் பம்ப்தான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே என்ஜின் ஓடும்போது அந்த லைனுக்குள் வெளிக்காற்றை விடக் குறைந்த அழுத்தம்தான் இருக்கும். எங்காவது விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். லைன் முழுக்கக் காய்ந்து கிடக்கிறதே, லீக் இல்லை என்று முடிவு செய்வது இங்கே பொருந்தாது. என்ஜின் நின்ற பிறகு அதே விரிசல் வழியாகக் காற்று புகுந்து டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டிவருவது அதனால்தான். டேங்கில் டீசல் மட்டம் குறையக் குறைய உறிஞ்ச வேண்டிய உயரம் கூடுகிறது, காற்று இழுப்பதும் கூடுகிறது.

இன்ஜெக்டர் தேய்ந்து, மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயில் அதிகமாகத் திருப்பிவிட்டாலும் ஸ்டார்ட்டிங் தொந்தரவு வரும், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் என்ஜின் சூடாக இருக்கும்போது, டீசல் இளகியிருக்கும்போதுதான் மோசமாகும். பிரைமர் அமுக்கியதால் அது சரியாகாது. என் வண்டி சூட்டில் ஒரே அடியில் பிடித்தது. ஜாப் கார்டைப் படித்திருந்தாலே இன்ஜெக்டர் பக்கம் உடனே கை போயிருக்காது.

பி0087 என்றால் ரெயிலில், அதாவது பம்ப் அனுப்பும் டீசலை இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், அழுத்தம் குறைவு, அவ்வளவுதான். ஏன் குறைந்தது என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. ஃபில்டர் அடைப்பு, காற்று, பம்ப்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வு, ரெயில் பிரஷர் சென்சார், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரெயிலின் லிமிட்டர் வால்வு, இன்ஜெக்டர், பம்ப் எதுவாகவும் இருக்கலாம். செலவில்லாத சோதனையில் தொடங்கி விலை கூடிய பாகத்துக்குக் கடைசியில் வருவதுதான் முறை. சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, சாவி ஆன் செய்து என்ஜின் ஓடாத நிலையில் சிக்னல் அரை வோல்ட் அளவில் நிற்கிறதா என்று மீட்டரில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் டியூப் மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி என்ஜினுக்கு மேல் மட்டத்தில் வைத்து, ஃபில்டரின் இன்லெட்டுக்கு நேராகக் கொடுத்து ஓட்ட வேண்டும். கோளாறு மறைந்தால் பழுது உறிஞ்சும் பக்கத்தில்தான். பம்ப்பையும் இன்ஜெக்டரையும் தொடவே தேவையில்லை.

கேனில் கொடுத்தும் அழுத்தம் ஏறாவிட்டால்தான் ரிட்டர்ன் அளவுச் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் தனித்தனி டியூப் மாட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டால் நான்கிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு, மூன்று மடங்கு காட்டினால் அதுதான் குற்றவாளி. லிமிட்டர் வால்வின் ரிட்டர்ன் காய்ந்திருக்க வேண்டும். பம்ப்பைக் கழிக்கும் முன் மீட்டரிங் வால்வைக் கழற்றி, ஃபில்டரையும் வெட்டி, பம்ப் தேய்ந்ததைக் காட்டும் இரும்புத்தூள் மினுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றைச் செய்ததற்கும் எனக்கு ரிப்போர்ட் தரவில்லை.

தந்தவை இரண்டு ஸ்கேனர் பிரிண்ட் மட்டுமே, அவையே போதுமான சாட்சி. பாகங்கள் மாற்றும் முன் எடுத்த பிரிண்டில் என்ஜினின் கணினியான ஈ.சி.யு. 1,250 பார் அழுத்தம் கேட்கும்போது ரெயிலில் 700-க்கும் 900-க்கும் இடையில் அழுத்தம் துள்ளுகிறது. மாற்றிய பின் கோளாறு திரும்பி வந்தபோது எடுத்ததிலும் அதே துள்ளல். பம்ப் தேய்ந்தால் அழுத்தம் பெரும்பாலும் ஒரே சீராகக் குறைந்து நிற்கும். இப்படித் துள்ளுவது பெரும்பாலும் காற்றால்தான். ஹோஸ் மாற்றிய பிறகு அதே ஏற்றத்தில், அதே லோடில் 1,240-க்கும் 1,260-க்கும் இடையில் நிற்கிறது. 1,400 கிலோமீட்டர் ஓடியும் அந்தக் குறியீடு வரவில்லை.

அந்த ஹோஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஃபில்டர் பக்க முனையில் கிளிப் இறுக்கிய இடத்தில் ரப்பர் கல்லாகக் கெட்டிப்பட்டு, கிளிப்பின் விளிம்பு பதிந்த கோட்டிலேயே நகக்கண் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. கிளிப் இருக்கும்வரை வெளியே தெரியாது. மேலே படிந்திருந்த தூசிகூட நனையவில்லை. ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் லேசாகக் காற்றுக் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவியபோதுதான் நுரை கட்டியது. ஃபில்டர் மாற்றியவர் இதே கிளிப்பைத் தளர்த்தி, இதே ஹோஸைத்தான் மறுபடி மாட்டியிருக்கிறார்.

இன்னும் இரண்டு விஷயங்கள். புது இன்ஜெக்டர் போட்ட பிறகு ஐடிலில் கடகடப்பும் வெண்புகையும் வந்தன. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அதற்கான திருத்தக் குறியீடு அச்சிட்டிருக்கும். அதை எந்த சிலிண்டரில் போட்டோமோ அந்த வரிசையில் ஈ.சி.யு.வில் பதிய வேண்டும். ஸ்கேனரில் படித்துப் பார்த்தால் நான்கும் பழைய இன்ஜெக்டர்களின் குறியீடுகள். புதியவற்றின் குறியீடுகளைப் பதிந்த அன்றே கடகடப்பு அடங்கியது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டை அந்த சர்வீஸ் சென்டரின் பையன் ஒருவன் ஸ்பேனரால் தளர்த்தினான். பழைய இன்லைன் பம்ப் என்ஜினில் செய்த பழக்கம் அது. காமன் ரெயிலில் ஐடிலிலேயே 300 பார் அளவில் அழுத்தம் இருக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்திய அளவு காயம்தான் தெரியும், உள்ளே விரலையே இழக்க நேரலாம். அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பணத்தை விட இதைத் தாங்கள் முதலில் கவனிக்க வேண்டுகிறேன்.

என் கோரிக்கைகள்: பழைய பம்ப்பையும் நான்கு இன்ஜெக்டர்களையும் என் முன்னிலையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ரிப்போர்ட்டோடு ஒப்படைக்க வேண்டும். தேய்மானம் என்று ரிப்போர்ட் வரும் பாகத்துக்குரிய தொகையைக் கேட்க மாட்டேன். நன்றாக இருப்பவற்றின் விலையையும் அதற்கான கூலியையும் திருப்பித் தர வேண்டும். பி0087 வந்தால் உறிஞ்சும் பக்கச் சோதனை முடியாமல் பம்ப்புக்கோ இன்ஜெக்டருக்கோ எஸ்டிமேட் போடக் கூடாது என்று அந்த சர்வீஸ் சென்டருக்கு எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும்.

இது சுயதொழிலாக, பிழைப்புக்காக ஓட்டும் வண்டி என்பதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நானும் நுகர்வோர்தான். 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு, பில், ஸ்கேனர் பிரிண்ட் இரண்டின் நகல்கள், வெடித்த ஹோஸின் புகைப்படம்.