2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். நமது ஆய்வு வாசிப்பு மன்றத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பல்கலைக்கழக ஆய்வுச் செய்திகளை மாதம் ஒருமுறை கூடிப் படிப்பது நம் வேலை. நாளிதழ்த் தலைப்பை வைத்துக்கொண்டு விவாதிப்பதில்லை, அறிக்கை கையில் இருந்தால்தான் பேச்சு என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அந்த முடிவுக்குச் சனவரியிலேயே வேலை வந்துவிட்டது.

சனவரி 23 அன்று 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியானது. எழுதியவர்கள், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கா. ராஜனும் மாநிலத் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும். தமிழ்நாட்டில் இரும்புக்கு 5,300 ஆண்டு வயது என்று அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வராத ஆளில்லை. அறிக்கையைப் பிரித்துப் படித்தபோது ஒன்று தெளிவானது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 3345 என்று தேதி கிடைத்தது இரும்போடு இருந்த கரித்துண்டுக்கு, இரும்புக்கே அல்ல. அதே ஊர்ப் பானையின் ஓட்டுத்துண்டை, அது கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைக் கணிக்கும் ஒளியுமிழ் முறையில் பார்த்தால் பொ.ஆ.மு. 2400களை ஒட்டி வருகிறது. இடையில் ஏறக்குறைய 900 ஆண்டு. இதனால் கண்டுபிடிப்பு சிறுத்துவிடாது. பிந்தைய தேதியே வியப்புக்குப் போதும். இன்னும் சில ஊர்களில் இதே பழமை கிடைத்தால்தான் சந்தேகம் தீரும் என்பதே கூட்டத்தில் பெரும்பாலோர் கருத்து.

கரிம வயதுக் கணக்கு பலருக்குப் பிடிபடவில்லை. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் தாம்பாளத்தில் 64 ஒரு ரூபாய் நாணயங்களைக் குலுக்கிக் கொட்டினார். பூ விழுந்தவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி குலுக்கச் சொன்னார். ஒவ்வொரு நாணயமும் கரித்துண்டில் இருக்கும் ஒரு கதிரியக்கக் கரிம அணு, ஒவ்வொரு குலுக்கலும் 5,730 ஆண்டு. எந்த நாணயம் போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஏறத்தாழப் பாதி போகும். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து தாங்களே குலுக்கத் தொடங்கியதால் அன்று தீர்மானங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தோம்.

ஆண்டின் நடுவில் கொந்தகை முகங்கள் வந்தன. கீழடிக்குப் பக்கத்து ஈமக்காட்டில் எடுத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுவியல் ஆய்வர்கள் முப்பரிமாணப் பதிவாக்கி, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, அங்கே முகம் உருவானது. மண்டபம் நிறைந்தது, நாற்காலி போதவில்லை. "அச்சு அசல் எங்க பெரியப்பா" என்றார் ஓர் உறுப்பினர். எலும்பு சொல்வது முகத்தின் அமைப்பை மட்டுமே. தோல், முடி, கண் நிறங்கள் இன்றைய தமிழ்நாட்டு மக்களைப் பார்த்துச் சேர்த்தவை. பெரியப்பா மாதிரி இருப்பதில் அதிசயமில்லை. மரபணு முடிவுகளை முகத்தைப் போல மாட்டிவைக்க முடியாது, அதனால் அவற்றுக்குக் கூட்டம் வராது என்பது என் கவலை.

கீழடி அகழாய்வு பற்றி, அதன் முதல் இரு கட்டங்களை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா எழுதிய 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்டதும் அவர் மறுத்ததும் நம் கூட்டத்திலும் சூட்டைக் கிளப்பின. கண்டனத் தீர்மானம் வேண்டும் என்றனர் சிலர். வெளிவராத அறிக்கையைப் படிக்காமல் தீர்மானம் போட நம் விதி இடம் தராது என்று தலைவர் முடித்துவைத்தார். எனக்கும் அதுவே சரி. "வெளியிடு" என்று கேட்க விதி தடையில்லையே என்ற எதிர்வாதத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை; இன்று எடுத்துக்கொள்ளலாம்.

கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வந்தோம். மற்ற மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஒளியுமிழ் முறை பற்றிய இயற்பியல் உரைக்கு வந்தவர்கள் குறைவு, டீ மிஞ்சியது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை இந்த முறை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேநீர் இடைவேளையில் கட்டிவிடவும்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு. குழியில் இறங்கி மண் சலிப்பவர்களிலும் ஆய்வகத்தில் மரபணு எடுக்கப் பல்லைப் பொடிப்பவர்களிலும் முனைவர் பட்ட மாணவர்கள் உண்டு. செய்தியில் அவர்கள் பெயர் வருவதில்லை. இனி பேச அவர்களையே அழைத்து, பயணப்படியை மன்றமே தர வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்