தென்காசியில் இவ்வளவு கொட்டாது, தம்பி

தில்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஒருவழியாக முடிந்தது. நேற்று ராத்திரி எங்கள் மழை முன்கணிப்பின் பழைய நிரல்களை (புரோகிராம்களை) நிறுத்தினோம், இன்று காலை ஓட்டம் முழுக்கப் புதியதில் போயிற்று, இதுவரை யாரும் போன் போட்டுத் திட்டவில்லை. என்ன பாடுபட்டோம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்து பார்த்தவர்கள், அதனால் அந்தக் கதையைத் திரும்ப ஓட்டப்போவதில்லை. தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்றால் அது அடுத்த வாரத்துக்குப் போகும், அப்புறம் தீபாவளிக்குப் போகும், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் கண் எரிய எரிய இப்போதே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலை என்ன என்று இன்னும் கேட்கிறவர்களுக்காக நாலு வரி. 2024 செப்டம்பரில் அர்க்கா, அருணிகா என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர் வந்தன, ஒன்று புனேயில், இன்னொன்று இதோ பக்கத்தில் நொய்டாவில். 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில், அதாவது 6 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டு, ஓடும் பாரத் முன்கணிப்பு அமைப்பு வந்தது, அதற்கு முன் 12 கிலோமீட்டர். செய்தியில் இது நல்ல சேதி, சந்தேகமில்லை. ஆனால் கட்டம் பாதியானால் புள்ளிகள் நாலு மடங்கு, அந்தப் புள்ளிகளை எடுத்து உங்கள் ஊருக்கு நாளை மழை உண்டா என்று பிரித்துச் சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள் எல்லாம் 12 கிலோமீட்டரை மனதில் வைத்து என்றோ யாரோ எழுதியவை. அந்தப் பிரித்துச் சொல்லும் வேலைதான் எங்களைப் போன்ற சின்ன கம்பெனிகளின் பிழைப்பு. 6க்குப் போகுமுன் முதலில் அவற்றைப் பழைய ஃபோர்ட்ரான் மொழியிலிருந்து பைத்தான் மொழிக்கு மாற்ற வேண்டியிருந்தது, கட்டம் இப்போதைக்குப் பழையதுதான். மாற்றித்தர ஒப்பந்தம் எடுத்தவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான், இனி நன்றிக்கு வருகிறேன்.

மயூர் விஹாரில் இருக்கும் மேடத்துக்குத்தான் முதல் நன்றி. பெயரைப் போட்டால் உதைப்பேன் என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. அரசு வேலையில் சயின்டிபிக் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் தென்காசி. 80களின் கடைசியில் க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் தில்லிக்கு வந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, உள்ளே விட மாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எங்கள் திட்டத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

புதிய நிரலைப் பழையதோடு சேர்த்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், அவரவர் சொந்த ஊர் முன்கணிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சோதனைப் பக்கத்தின் இணைப்பு அனுப்பினேன் அல்லவா. வந்ததெல்லாம் கட்டைவிரல். ஒரே ஒருவர்தான் போன் செய்தார். வணக்கம்கூட இல்லை, நேரே, “தென்காசியில இவ்வளவு கொட்டாது, தம்பி. எங்க ஊர்ல சாரல்தான் அடிக்கும், கொட்டுறது மேல மலையில. அங்க கொட்டினாத்தான் இங்க அருவி விழும். நீங்க மலைக்குப் போட வேண்டியதை ஊருக்குப் போட்டுட்டீங்க” என்றார்.

நான், எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் மேடம், கம்பைலர் மாறினாலே, கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறும் என்று ஏதோ சொன்னேன். அது பொய்யில்லை. பழையதும் புதியதும் அச்சு அசலாக ஒன்றாக வரும் என்று எந்த வானிலைக்காரரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று ஒரு எல்லை வைத்திருந்தோம், எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடைசி இலக்கம் மாறினா மழை மலையை விட்டு இறங்கி வருமா?” என்றார். எனக்குப் பதில் இல்லை.

அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம், நீலப் பேனாவில் நாலே வரி. தென்காசி அட்சரேகை 8.96 பாகை. கட்ட இடைவெளி 0.125 பாகை. வகுத்தால் 71.68. அதற்குக் கீழே இரண்டு அம்பு: 72 என்றால் 9.0, செங்கோட்டைப் பக்கம். 71 என்றால் 8.875, மலை. 71ஐச் சுற்றி ஒரு வட்டம். கூடவே குரல் செய்தி: “கிட்டத்துப் புள்ளியை எடுத்தீங்களா, இல்ல வெட்டிட்டீங்களா? அந்த அரை எங்க போச்சுன்னு பாருங்க.”

பழைய நிரலைத் திறந்தோம். பழைய ஃபோர்ட்ரான் துளை அட்டைக் காலத்து எழுத்துமுறை, எந்தப் பத்தியில், அதாவது வரியில் எத்தனையாவது இடத்தில், எழுதுகிறோம் என்பதற்கே பொருள் உண்டு. ஆறாம் பத்தியில் 0 அல்லாத ஒரு எழுத்தோ எண்ணோ இருந்தால், இது மேல்வரியின் தொடர்ச்சி என்று அர்த்தம். ஒரு வரியில் அட்சரேகையை 0.125ஆல் வகுக்கிறார்கள். அடுத்த வரியில் ஆறாம் பத்தியில் 1, கொஞ்சம் இடம் விட்டு +0.5. அதாவது வகுத்ததோடு அரையைக் கூட்டு, அப்புறம் தசமத்தை வெட்டினால் கிட்டத்து முழு எண் கிடைக்கும். மாற்றியவர்கள் அதை அப்படியே தனி வரியாக 1 + 0.5 என்று பைத்தானில் வைத்துவிட்டார்கள். பைத்தானுக்கு அது பிழையே இல்லை. 1.5 என்று சமர்த்தாகக் கணக்குப் போட்டு, தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடும். பாதி ஊர்கள் ஒரு கட்டம், அதாவது 0.125 பாகை, சுமார் 14 கிலோமீட்டர் நழுவி உட்கார்ந்திருந்தன. சமவெளியில் 14 கிலோமீட்டர் தள்ளினால் மழை எண் பெரிதாக மாறாது, சராசரியில் தெரியவே தெரியாது, மலையடிவாரத்தில்தான் குட்டு வெளிப்படும். இத்தனை பேர் இத்தனை சோதனை ஓட்டியும் பிடிபடாதது, குற்றால சீசன் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் கண்ணில் ஒரே பார்வையில் பட்டது.

அதைச் சொன்னதும் மேடம் வைத்துவிடவில்லை. திருத்தி ஓட்டி முடிக்கும்வரை அடிக்கடி கூப்பிட்டு, இப்ப அம்பையைப் பாருங்க, இப்ப வால்பாறையையும் பொள்ளாச்சியையும் சேர்த்துப் பாருங்க, இரண்டும் ஒரே மாதிரி வந்தா மறுபடி தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுராத்திரிக்குச் சற்று முன் “நான் படுக்கப் போறேன், நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டதுதான் அன்றைய கடைசி வார்த்தை. சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

இன்னும் பலர். ஓக்லா அலுவலகக் கதவை அகால நேரத்தில் முகம் சுளிக்காமல் திறந்துவிட்ட காவலாளி அண்ணன், சர்வருக்கு இன்வெர்ட்டர் இரவல் தந்த கீழ்வீட்டு சர்தார்ஜி, தயிர்சாதமும் மாவடுவும் கட்டி அனுப்பிய ஆர்.கே.புரம் அண்ணிமார்கள், பைத்தானில் தேர்ந்த பெங்களூருத் தம்பி, மலைமந்திரில் எங்களுக்காக அர்ச்சனை செய்ததாகச் சொல்லும் பெரியவர், இன்னும் பெயர் விட்டுப்போன அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் ஆசை, கை ஓடவில்லை.

மேடத்தைப் போன்றவர்களை நாம் எங்கே கேட்கிறோம்? பழைய நிரல் என்றாலே குப்பை என்று ஒரு நினைப்பு, எனக்கும் அது உண்டு, அந்த ஆறாம் பத்தியைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. மாற்றத்தான் வேண்டும், ஆறாம் பத்தி தெரிந்த ஆட்கள் இன்னும் எத்தனை நாளைக்குக் கிடைப்பார்கள். ஆனால் மாற்றுகிற கையோடு அந்த ஆட்களிடம் உட்கார்ந்து ஒரு மாலை பேசினால் என்ன குறைந்துவிடும்? எந்த ஒப்பந்தத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. இனி எங்கள் பக்கத்தில் ஒரு நிரலை மாற்றினால், மலை மேலும் மலைக்குக் கீழும் இருக்கும் ஊர்களை ஜோடி ஜோடியாக ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. பட்டியல் போட்டாயிற்று: வால்பாறை–பொள்ளாச்சி, மகாபலேஷ்வர்–வாய். அந்த 0.5க்கு மேலே, இது ஏன் இங்கே இருக்கிறது என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், தைரியமிருந்தால் யாராவது அழிக்கட்டும்.

அடுத்தது 6 கிலோமீட்டர் கட்டம், இதே கூத்து மறுபடி. போடி, கம்பம், உடுமலை, மேட்டுப்பாளையம், நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சோதனைப் பக்கம் அனுப்புகிறேன். கட்டைவிரல் வேண்டாம், எங்கள் ஊரில் இப்படிப் பெய்யாது என்று எழுதுங்கள். மேடம் பாபநாசத்தைக் கேட்டிருக்கிறார், அதை இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பவேண்டும்.