பாப்பாவுக்கு, ஸ்டுடியோவிலிருந்து

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் நீ எடுப்பதில்லை. "மீட்டிங்கில் இருக்கேன்பா" என்று மெசேஜ் வருகிறது. டப்ளினில் ராத்திரி பதினொன்றுக்கு என்ன மீட்டிங் என்று அம்மா கேட்டாள். அமெரிக்காக்காரனோடு இருக்கும் என்று சொல்லி வைத்தேன். பொங்கலன்று பேசினாய், நான்கு நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் பானை பொங்குவதைக் காட்டவே அம்மாவுக்குப் போய்விட்டது. சரி, மெயிலாவது படிப்பாய்.

விஷயம் இதுதான். பாஸ்போர்ட் சைஸ் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. ஆடியில் வந்தபோது எழுதித் தந்தாயே, முகத்தை 35-க்கு 45 மில்லிமீட்டரில் வெட்டி, 4-க்கு 6 இன்ச் பேப்பரில் எட்டு காப்பியாக அடுக்கித் தருமே, அதுதான். கடைப் பையன் சாஃப்ட்வேர் மேனேஜரில், நாம் படம் திருத்துகிற கிம்ப்பின் புது வெர்ஷன் 3 இருப்பதைப் பார்த்து, என்னைக் கேட்காமல் ஏற்றிவிட்டான். மறுநாள் காலையில் ஸ்கிரிப்டை அமுக்கினால் சிவப்பில் ஏதோ திட்டுகிறது. உள்ளே இருக்கும் கட்டளைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறார்களாம், பழைய 2.10-க்கு எழுதியது பலதும் இதில் ஓடாதாம். 2.10 வந்தது 2018-ல், 3.0 வந்தது 2025 மார்ச்சில். ஏழு வருஷம் உட்கார்ந்து செய்தவர்கள் என் ஸ்கிரிப்டை மட்டும் விட்டுவைத்திருக்கக் கூடாதா?

போட்டோஷாப் என்றால் ஒரு தரம் ஆக்‌ஷனில் ரெக்கார்டு செய்துவிட்டு ஒரே கீயைத் தட்டிக்கொண்டே இருக்கலாம். கிம்ப்பில் அந்த ரெக்கார்டு வசதி இல்லை. எழுதத் தெரிந்தவள் வேண்டும். எழுதத் தெரிந்தவள் போனை எடுக்க வேண்டும்.

குறை சொல்வதாக நினைக்காதே. விண்டோஸுக்குப் பதிலாக நீ போட்டுத் தந்த லினக்ஸை ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றதும் எதிர் ஸ்டுடியோக்காரர் அடித்துப்பிடித்துப் புது கம்ப்யூட்டர் வாங்கினார். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டுமாம். நம்முடையது 4. நீ ஆடியிலேயே சொல்லிவிட்டாய், இந்தப் பெட்டி இன்னும் ஐந்து வருஷம் ஓடும்பா என்று. என் மகள் செய்தது என்று சொன்னால் அவர் நம்பவில்லை. "ஓசியில் வருவதா? வைரஸ் இருக்கும் சார்" என்றார். கிம்ப்பை 1995-ல் ஆரம்பித்ததே பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் என்று நீ சொன்னதை அப்படியே எடுத்து விட்டேன். வாயை மூடிக்கொண்டார்.

பழகத்தான் நாள் பிடித்தது. இருபது வருஷ போட்டோஷாப் பழக்கத்தில் என் கட்டைவிரல் ஆல்ட் கீக்கே போகிறது. ஒரு இடத்தை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டும் குளோன் டூலுக்கு இங்கே கண்ட்ரோல் அமுக்க வேண்டும். நான் ஆல்ட்டை அமுக்கி இழுக்க, நம் லினக்ஸ் மிண்ட்டில் மொத்த ஜன்னலும் நகர்ந்து ஓடுகிறது. பையன் சிரிக்கிறான். இப்போது பத்துக்கு எட்டு தடவை சரியாக வருகிறது.

தமிழ் எழுத்து விஷயத்தில் மட்டும் கிம்ப்புக்கு நூறு மார்க். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எப்போது வருவார்கள் என்று உனக்குத் தெரியும். ராத்திரி ஒன்பதரைக்கு, ஆதார் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தத் தபால்தலை முகத்தைப் பெரிதாக்கி, தழும்பு, கீறல் எடுத்து, பத்தடி பிளெக்ஸுக்குத் தயார் செய்யவேண்டும். பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும், அதனால் பழைய ஃபான்டை வைத்துக்கொண்டு மாரடித்தோம். இதில் எழுத்து உடையாமல் நிற்கிறது. பிளெக்ஸ் கடையில் அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறத்தில் கேட்டால் கிரிட்டாவில் திறந்து மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். அது படம் வரைகிறவர்களுக்கானதாம், பரவாயில்லை, என் வேலைக்கு உதவுகிறது.

கல்யாண ஆல்பம்தான் இன்னும் தலைவலி. லேபில் தரும் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. டிசைன்களை கிம்ப் திறக்கிறது, ஆனால் நிழல், ஒளி மாதிரி லேயர் ஸ்டைல் சிலது சிதைந்து வருகிறது. அதற்கு நீ சொன்ன போட்டோபியாதான். பிரவுசரிலேயே ஓடுகிறது, படம் வெளியே எங்கும் போகாமல் நம் கம்ப்யூட்டரிலேயே வேலை நடக்கிறது, பக்கத்தில் விளம்பரம் ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பையன் கேமராவில் பதப்படுத்தாமல் எடுத்துவரும் ரா ஃபைல்களுக்கு டார்க்டேபிள். நம் பெட்டியில் நத்தை மாதிரி நகர்கிறது. அதே வேலை செய்யும் ராதெரபி கொஞ்சம் தேவலை என்கிறான், அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நீயும் உன் படங்களை எடிட் செய்யும்போது கிம்ப்பின் சொந்த ஃபைலான எக்ஸ்.சி.எஃப். ஆகத் தனியே சேவ் செய். ஒரிஜினல் மேல் கை வைக்காதே. வெளி டிஸ்கில் ஒரு காப்பி வை. 2015 வெள்ளத்தில் நெகட்டிவ் பெட்டி போனது போதும்.

படங்களை அடுக்கிவைக்கும் டிஜிகாம் பற்றிச் சொல்லவேண்டும். நீ ஏற்றிவைத்த பிறகு பழைய படங்களை எல்லாம் அதில் கொட்டிவிட்டேன். டைம்லைனில் மாசவாரியாக நிற்கிறது, நல்ல சாமான். தீபாவளிக்கு நீ அனுப்பிய ஆறு படங்களையும் போட்டேன். வீட்டு வாசலில் விளக்கு, நீ, மாப்பிள்ளை, அந்த நீலச் சுவர். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் தேதி விவரமெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். நீ மெயிலில் ஒரிஜினலாகவே அனுப்பினாய், நான் சொல்லித்தந்த மாதிரி. டிஜிகாம் அந்த ஆறையும் 2024 அக்டோபர் 31-ல் கொண்டுபோய் வைத்தது.

அது முந்தின தீபாவளி.

கேமராவில் தேதி தப்பாக இருந்திருக்கும். செல்போனில் அப்படி ஆகாது, ஆனால் ஆகியிருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அந்த மஞ்சள் சுடிதாரை அவள் அப்போதே பார்த்திருக்கிறாளாம். எல்லா மஞ்சளும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றேன். அம்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற ஆள் சொல்கிற பேச்சா அது?

நேரத்துக்குச் சாப்பிடு. எக்ஸ்.சி.எஃப். ஆக சேவ் செய். சொல்லிவிட்டேன் இல்லையா.

டிஜிகாமில் முகம் தேடும் வசதி இருக்கிறது. உன் முகத்துக்குப் பெயர் போட்டுவிட்டேன், மொட்டை போட்ட நாளிலிருந்து வரிசையாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. காசிமேட்டில் படகுக்குப் பக்கத்தில் நீ அழுதபடி நிற்பதுகூட. 2018-க்கு வந்ததும் மொட்டை மாடியில் எடுத்த அந்தப் படம். ஜாதகத்தோடு போனது. அந்த நாளுக்கு அந்த ஒரே படம்தான் இருக்கிறது, நான் கலர் ஏற்றியது.

உன்னைக் கேட்காமல் செய்தேன். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸில் ஒரு இழுப்பு, அரை நிமிஷ வேலை. எத்தனையோ பெண்களுக்குச் செய்திருக்கிறேன், "அண்ணே, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று அம்மாக்களே வந்து நிற்பார்கள். உனக்கு யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். செய்துவிட்டு அதே ஃபைல் மேலேயே சேவ் செய்தேன். உலகத்துக்கெல்லாம் ஒரிஜினலைத் தொடாதே என்று சொல்கிற ஆள்.

பெண் பார்க்க வந்தபோது உன் மாமியார் போனையும் உன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "போட்டோல இன்னும் கலரா இருந்துச்சே" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். "லைட்டிங்மா" என்று சொல்லி நானும் சிரித்தேன். நீ காபித் தட்டோடு நின்றாய். அன்றைக்கு ராத்திரி ஒரு வார்த்தை கேட்டிருப்பாய் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அப்புறம் அந்த வீட்டில் அதே பேச்சு எத்தனை தடவை வந்ததோ, அதையும் நீ சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. ஆடியில் வந்தபோது சாப்பாட்டுக்கு அப்புறம் "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாய். பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது. நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தாய்.

இந்த நான்கு ராத்திரியாக அந்தப் படத்தை கிம்ப்பில் வைத்து இழுத்துப் பார்க்கிறேன். கர்வ்ஸைத் திருப்பிக் கீழே இறக்கினால் உன் நிறம் வரவில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் வெளுத்துப்போன இடத்தில் விவரமே இல்லை, இறக்க இறக்கச் சாம்பல்தான் வருகிறது. டார்க்டேபிளாக இருந்தால் திருத்தத்தையெல்லாம் தனிக் குறிப்பாக வைத்துக்கொள்ளும், ஒரிஜினல் அப்படியே இருக்கும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன், அதுதான் உண்மை.

போன வாரம் ஒரு அம்மா பெண்ணோடு வந்து கலர் ஏற்றச் சொன்னார்கள். புது சாஃப்ட்வேரில் அந்த வசதி கிடையாதும்மா என்று சொல்லிவிட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இன்னொன்று. ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று எழுதினேனே, கிம்ப் 3 தனியாகத்தான் ஏறியிருக்கிறது. பழைய 2.10 அப்படியே மெனுவில் இருக்கிறது, அதில் உன் ஸ்கிரிப்ட் நன்றாக ஓடுகிறது. பத்து நாளாகவே ஓடுகிறது. அவசரமில்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இன்றைக்கும் முக்கால் மணி நேரம் நின்றேன். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. மாடியில் டார்க் ரூமில் கிடந்த என்லார்ஜரையும் மருந்துத் தட்டுகளையும் எடைக்குப் போட்டுவிட்டேன். சுவருக்கு வெள்ளை அடித்து, ஃபேன் மாட்டி, கட்டில் போட்டாயிற்று. இன்டர்நெட் ஒயரும் மேலே வரை இழுத்திருக்கிறேன், அங்கிருந்தே மீட்டிங் பேசலாம், சிக்னல் நன்றாக வருகிறது. சும்மா, தகவலுக்குச் சொன்னேன்.

அப்பா